மூணாவது ஓடைக்குப் போற வழி

இல்லங்க நிஷிகவா ஐயா, போகக்கூடாதுன்னு நான் சொல்லல. போன அக்டோபர்ல மகளைத் தேடி வந்து, இப்ப பனி உருகினதும் திரும்ப வந்து நிக்கிறீங்க. போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? இருபத்திரெண்டு வருஷமா இந்தப் பாதையில புதர் வெட்டுறவன், அவ்வளவுதான். வழி எப்படி இருக்குன்னு கேட்டீங்க, சொல்றேன். பையை இறக்கி வைங்க மொதல்ல.

முதல் ஓடை வரைக்கும் பயமில்ல. மரம் ஏத்தின லாரி போன பழைய தடம். மான் குறுக்க ஓடும், அது பாட்டுக்குப் போயிரும். ரெண்டாவது ஓடை தாண்டினா குட்டை மூங்கில். பேருதான் குட்டை, ஆள் உசரம் நிக்கும். கால் எங்க வைக்கிறோம்னே தெரியாது. வழி தெரியறதுக்கு மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டிருந்தேன், பனியில பாதி அறுந்து கெடக்கு.

கரடியா? ஹொக்கைடோ காட்டுல கரடி இல்லாம என்ன. நேத்துகூடச் சரிவுல அது சாணி பாத்தேன், ஈரம் காயல. புல்லுதான் இருந்துச்சு. அப்படிப் பாக்காதீங்க ஐயா. வெறும் புல்லுதான், கம்பால கிளறிப் பாத்துட்டேன்.

நேருக்கு நேராவும் நின்னிருக்கேன். உங்க மகளைத் தேடிப்போன பதினாலு பேர்ல நான்தான் முன்னாடி. தாய்க்கரடி, பின்னாடி குட்டி. இந்த பஸ் ஸ்டாப்புக்கும் அந்தக் கம்பத்துக்கும் உள்ள தூரம்தான். ஓடக்கூடாது, மெதுவாப் பின்னாடி நகரணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். அன்னிக்கு ஒரு அடி நகர முடியல. அதுவே அலுத்துப்போய்த் திரும்பிப் போச்சு.

ஆனா உங்க மக சயோரியக் கரடி தொடல. அதை நிச்சயமாச் சொல்வேன். அவ பை கெடைச்சது கீழ, ஆறு திரும்புற எடத்துல, அடிச்சிட்டு வந்த மரக்கட்டைங்களுக்கு நடுவுல. ஒரு கீறல் இல்ல. தண்ணிதான், ஐயா.

எங்கயாவது ஏறி ஒதுங்கியிருப்பாளான்னா... எட்டு மாசம். அதுல ஆறு மாசம் பனி. உங்க வீட்டம்மா இன்னும் அவளுக்கு மூணு வேளையும் தட்டு வைக்கிறாங்கன்னு போனதடவை சொன்னீங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

மூணாவது ஓடைல ரெண்டு மரக்கட்டையச் சேத்துக் கட்டின பாலம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப இல்ல. செப்டம்பர் மழையிலயே போயிருச்சு. ஆமா, அவ வர்றதுக்கு முன்னாடியே. பாலம் இல்லன்னு பாத்ததும் திரும்பியிருக்கலாம். எதிர்க்கரையில என் ரிப்பன் தெரிஞ்சிருக்கும், முழங்கால் தண்ணிதானேன்னு எறங்கியிருப்பா. பனி உருகின தண்ணி இப்ப இடுப்புக்கு மேல ஓடுது. நீங்க போனா அந்தக் கரையில நின்னு பாக்கலாம், அவ்வளவுதான். பாக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, கல்லுதான்.

எச்சரிச்சேன்னு போலீஸ்கிட்ட சொன்னேனா? சொன்னேன். பாலம் போயிருச்சும்மா, போகாதன்னேன், கேக்கலன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. உங்க வீட்டம்மாவும் அதைப் படிச்சிருப்பாங்க. பிடிவாதக்காரின்னு அழுதிருப்பாங்க.

அவ பிடிவாதக்காரி இல்ல, ஐயா.

காலையில ஏழரை பஸ்ல எறங்கி, என்கிட்ட வந்து தலை குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு, மாமா, மூணாவது ஓடைப் பாலம் நல்லா இருக்கான்னு கேட்டா. நான் கத்தி தீட்டிக்கிட்டு இருந்தேன். நல்லா இருக்கு, போம்மான்னேன். மூட்டு வலின்னு அப்ப மூணு வாரமா நான் மேல ஏறவே இல்ல.