நெத்தி கதைக்காது

இன்னும் கொஞ்சம் கீழ திருப்புங்கோ தம்பி, அந்தக் கண்ணாடியை. இப்ப உங்கட நெத்திதான் தெரியுது. நெத்தி கதைக்காது. ஆ, காணும். இப்ப வாய் தெரியுது. பின்னால வாற வாகனத்தைச் சைட் கண்ணாடியிலை பாருங்கோ, இது எனக்கு. அந்த மீசையை ஒருக்காக் கத்தரிச்சிருந்தா இன்னும் லேசு. சரி, அது உங்கட மனிசியின்ரை விசயம், நான் ஏன் தலையிடுவான்.

ஐயோ, பின்னுக்குத் திரும்பாதேங்கோ! ரோட்டைப் பாத்துக்கொண்டு கண்ணாடிக்குச் சொல்லுங்கோ, நான் பிடிப்பன். கத்தவும் தேவையில்லை. கத்தினா வாய் கோணும், ஒண்டும் விளங்காது. நான் கத்திறனோ? எனக்குத் தெரியாது தம்பி. கடைசிச் சண்டையிலை செல் குண்டு விழுந்தநாள் தொடக்கம் என்ரை சத்தம் எனக்கே கேட்டதில்லை. கூடினாக் கையைத் தூக்கிக் காட்டுங்கோ. சரி சரி, ஒரு கை காணும், ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ.

என்ன? மிச்ச ஆக்கள் எங்கையெண்டோ? முல்லைத்தீவிலையிருந்து எயாப்போட்டுக்குப் போற வானெண்டா, நெருக்கியடிச்சுக்கொண்டு சனம் இருக்கும். சோத்துப் பார்சல், சத்தி எடுக்கப் பை, அழுறதுக்கெண்டே ரண்டு மாமிமார். போறதென்னவோ ஒராள். நான் ஒருத்தரும் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். பக்கத்து வீட்டு ஜெயரூபி கொழும்பு பாக்கலாமெண்டு சீலையும் மடிச்சு வைச்சவள், பாவம். மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிண்டவள், கண்டனீங்கள்தானே.

உங்களுக்கும் அதுதான். வாசலிலை இறக்கிப்போட்டுத் திரும்போணும். உள்ளுக்கு வரக்கூடாது. தலையாட்டினாக் காணாது, வாயாலை சொல்லோணும். இப்ப வேண்டாம், யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆனா வவுனியாவுக்கு முதல். இருட்டினா உங்கட வாய் எனக்குத் தெரியாது.

காது கேளாமல் என்னெண்டு பிளேன் ஏறுறதெண்டோ? பிளேனிலை காதுக்கு என்ன வேலை? கேக்கிற ஆக்களுக்கே அந்த ஸ்பீக்கரிலை சொல்லுறது விளங்கிறேல்லையாம். கவுண்டருக்குப் போன உடனை முதல் கதை, எனக்குக் காது கேக்காது, கூப்பிட வேண்டாம், வந்து தோளிலை தட்டுங்கோ. வெக்கப்பட்டு மறைச்சா முடிஞ்சுது. கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிற ஒபிசர் குனிஞ்சுகொண்டு கேள்வி கேப்பார். உச்சந்தலையைப் பாத்து நான் என்னத்தைச் சொல்ல? பேனையை நீட்டோணும். எழுதுவார். அதோட ஒபிசர்மாருக்குக் கொஞ்சம் மரியாதையும் வரும், எழுதினாப் பிறகு.

போனிலையும் ஒண்டு இருக்கு, நாங்கள் கதைச்சா எழுத்தாக் காட்டும். இங்கிலீசுக்கு நல்லது. எங்கட தமிழைக் குடுத்துப் பாத்தன். ஜெயரூபி என்னவோ மீன் விலை சொல்ல, அது கலியாண நாளெண்டு எழுதினது.

சீற் கேக்கேக்க நடைபாதைப் பக்கம் கேக்கோணும். யன்னல் பக்கம் இருந்து நித்திரையானா, சாப்பாட்டு வண்டில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போன முறை அப்பிடித்தான், எழும்பிப் பாத்தா எல்லாரும் பல்லுக் குத்துகினம். இந்த முறை துண்டு எழுதி வைச்சிருக்கிறன், நெஞ்சிலை குத்த. சாப்பாட்டுக்கு எழுப்பவும்.

காது நோகுமோவெண்டோ? ஓம், இறங்கேக்க நோகும். கேக்காத காதும் நோகும். இதைவிட அநியாயம் உண்டோ சொல்லுங்கோ.

ஆனா ஒண்டு. புறப்படேக்க ஒரு பிள்ளை முன்னுக்கு நிண்டு கையாலை காட்டும், பெல்ற் இப்பிடி, கதவு அப்பிடி எண்டு. ஒருத்தரும் பாக்காயினம், எல்லாரும் போனுக்கை. நான்தான் பாத்தனான். பிளேன் முழுக்க என்ரை பாசை கதைச்சது அந்தப் பிள்ளை ஒண்டுதான்.

ஓம், போன வருசம் போனனான். மகள் நிதர்சனாவின்ரை கலியாணம், பிரான்ஸ் பரிசிலை. அவள் ரிக்கெற் போடேக்க, அம்மாவுக்குக் காது கேக்காது, உதவி வேணுமெண்டு சொல்லியிருக்கிறாள். இடையிலை பிளேன் மாறுற இடத்திலை இறங்கிறன், ஒராள் வீல்செயரோட நிக்கிறார். காதைக் காட்டினன். ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். பிறகு காலைக் காட்டி, நடந்தும் காட்டினன். சிரிச்சுக்கொண்டு பிடிச்சு இருத்திப்போட்டார். கடலுக்கை இடுப்பளவு தண்ணியிலை நிண்டு கரைவலை இழுத்த பொம்பிளை, தம்பி! பரிசிலையும் அப்பிடியே உருட்டிக்கொண்டு போகினம். கழுத்திலை ஒரு மட்டையும் தொங்குது. கலியாணப் பொம்பிளை என்னைக் கண்டிட்டு ஓடிவந்து, முழந்தாளைத் தடவித் தடவி அழுறாள், ஏதோ நடந்திட்டுதெண்டு.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் சிரிச்சனான். பிறகு.

திரும்பி வரேக்கக் கதிரை வேண்டாமெண்டு தனிய வந்தனான். அதிலையும் பிளேன் மாறுற இடத்திலை ஒரு கூத்து. பிளேன் நேரம் காட்டுற போட்டிலை எழுதுறதைப் பாக்காமல் எங்கட ஆக்களைத் தேடினன். ஒரு குடும்பம், நல்ல தமிழ் முகங்கள், கையிலை பனங்கட்டிக் குட்டான். ஊருக்குப் போற சனம்தானெண்டு பின்னாலை இருந்தன், எழும்ப எழும்பினன், வரிசையிலையும் நிண்டன். வாசலிலை நிண்ட பிள்ளை என்ரை ரிக்கெற் துண்டைப் பாத்துத் தலையை ஆட்டுது. அது கனடா பிளேன். பனங்கட்டி ஊரிலையிருந்துதானே போகும், ஊருக்கு ஏன் வரப்போகுது? அந்த யோசினை எனக்கு வரேல்லை. பிறகு ஓடின ஓட்டம்! அந்தக் கதிரைக்காரர் கண்டிருந்தாச் செத்திருப்பார். இனி ஆக்களைப் பாக்கமாட்டன், போட்டைத்தான் பாப்பன்.

என்ன, புளியங்குளம் தாண்டியாச்சோ? அப்ப நேராக் கேக்கிறன். வெளிக்கிடேக்க என்ரை மருமோன், தமையன்ரை மகன் துசியந்தன், உங்களைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன சொன்னவன்?

ஒண்டுமில்லையோ. ரோட்டுக் கதையோ. தம்பி, எனக்குக் குசுகுசுத்தாலும் ஒண்டுதான், கத்தினாலும் ஒண்டுதான். நான் வானுக்குள்ள இருந்து கண்ணாடியாலை பாத்துக்கொண்டிருந்தனான். அவன் சொன்னது, மாமியைக் கவுண்டர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, வீல்செயரிலை இருத்திப்போட்டு எனக்குப் போன் பண்ணுங்கோ, அவவுக்குச் சொல்லாதேங்கோ. சரியோ? பாருங்கோ, காது சிவக்குது.

அவன் நல்லவன். எனக்கு அவனிலை கோவமில்லை. உங்களிலையும் இல்லை.

மகளைப் பாக்கத்தான் போறன். பேத்தி பிறந்திருக்கு, நாலு மாசம். வடிவான குட்டி, என்ரை மூக்கு. பிறந்த உடனை ஆசுப்பத்திரியிலை காதுக்கு ஏதோ வைச்சுப் பாத்தவை, பிறகும் ரண்டுதரம் பாத்தவை. அதுக்குக் கேக்காதாம்.

இல்லைத் தம்பி, என்னிலையிருந்து வந்ததில்லை. செல் என்ரை காதைத்தானே கெடுத்தது, ரத்தத்தை இல்லையே. மகளும் அதைத்தான் முதல் கேட்டவள். இப்ப வீடியோவிலை கதைக்கேக்க, அழுகை வந்தாப் போனைத் திருப்பி வைச்சிடுவாள். நான் அவளின்ரை வீட்டு முகட்டைப் பாத்துக்கொண்டு இருப்பன். ஒருநாள் கேட்டாள், இது வளந்து என்னெண்டம்மா தனிய ஒரு இடம் போய் வரும் எண்டு. அதுக்கு நான் போனிலை என்ன சொல்லுறது? எயாப்போட் கதவாலை வரேக்க அவள் என்னைக் கண்டது கதிரையிலை.

அதுதான். இந்த முறை அந்தக் கதவாலை நான் நடந்து வரோணும். வண்டில் நிறையப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, பக்கத்திலை ஒருத்தரும் இல்லாமல். அவள் பாக்கோணும்.

ஓமந்தை போலை, வவுனியா கிட்டுது. சொல்லுங்கோ தம்பி, மைமலாகுது. ம்? தெரியேல்லை, கண்ணாடி கறுத்துப்போச்சு.

ஆ, உள்ளுக்கு லைற் இருக்கோ. இப்ப தெரியுது, திருப்பிச் சொல்லுங்கோ. வாசலிலை இறக்கிப்போட்டு... துசியந்தனுக்குப் போன் எடுத்து... ஓகோ, கதிரையிலை இருத்தினனான் எண்டு சொல்லுவீங்களோ! கெட்டிக்காரன். பொய்க்கெண்டா உங்கட வாய் நல்ல தெளிவா அசையுது.

ஏன் மூக்கை உறிஞ்சிறீங்கள்? நான் அழேல்லையே. ரோட்டைப் பாருங்கோ.

சரி, லைற்றை நிப்பாட்டுங்கோ. கதைச்சது காணும். இனிப் பாட்டைப் போடுங்கோ, விரும்பின அளவுக்குக் கூட்டுங்கோ. சீற் அதிரும், எனக்கும் பிடிக்கும்.