இடது பக்கம் உரசுற சக்கரம்

மெழுகுவத்தியை அந்தப் பக்கம் தள்ளி வை. என் மூஞ்சியில அடிக்குது. போர்வையை யாரும் இழுக்காதீங்க... எல்லாருக்கும் எட்டும். கதவு சாத்தியிருக்கா? சரி.

இது எனக்கு நடந்ததில்ல. என்கூட வேலை பார்க்கறாளே, ஒரு ஃப்ரெண்ட்... அவளோட தம்பிக்கு நடந்தது. அவ வாயால கேட்டது. நான் எதையும் சேர்க்கல.

ராத்திரி ஒண்ணரை மணி. ஊரைத் தாண்டிப் போற ரோடு. ரெண்டு பக்கமும் காலி மனை, கல்லு மட்டும் நட்டு வச்சிருக்காங்க, ஒரு வீடு கிடையாது. விளக்குக் கம்பம் இருக்கு, விளக்கு இல்ல. அந்த ரோட்டுல தம்பி தனியா கார் ஓட்டிக்கிட்டுப் போறான். கண்ணாடி எல்லாம் ஏத்தியிருக்கான். பாட்டு போடல. கழுத்தை இடது பக்கம் திருப்பவே இல்ல. ஏன்னா இடது பக்கத்துல இருந்து, ஒவ்வொரு பள்ளத்துலயும், ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்ர்ர்...

டயர் போய் மட்கார்டுல உரசுற சத்தம். இடது பக்கம் மட்டும்.

இதுல என்ன பேய்னு கேக்கறியா? இரு. கொஞ்சம் பின்னால போறேன்.

அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே கார் பைத்தியம். பல் செட் செய்யற லேப்ல வேலை. நாள் முழுக்க அடுத்தவங்க பல்லைத் தேய்ச்சுத் தேய்ச்சு, கடைசியில ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிட்டான். ரெண்டு கதவு, ரெண்டே சீட்டு. ஓட்டறவனுக்கு ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. பின்னால ஒரு பை வைக்கக்கூட இடம் கிடையாது. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாருடான்னா, காருக்குச் செருப்பு பார்த்துக்கிட்டிருக்கான்"னு அவங்கம்மா புலம்புவாங்களாம். ஏன்னா வாங்கின மறுநாள்லேருந்து அவனுக்கு ஒரே யோசனை. வீல் மாத்தணும், சஸ்பென்ஷன் மாத்தணும், சைலன்சர் மாத்தணும்.

அவனுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர். எல்லாரும் ஸ்பானர் அண்ணன்னு கூப்பிடுவாங்க. அவர் ஷெட்டுல போய் உக்காந்துட்டான். அண்ணன் ஒவ்வொரு வீலா எடுத்து அவன் கையில குடுத்திருக்காரு. "பெருசா மினுமினுன்னு இருக்குன்னு மயங்காத. தூக்கிப் பாரு. கனம் கம்மியா இருக்கறதுதான் நல்ல வீல்." அவனும் குழந்தையைத் தூக்கற மாதிரி ஒவ்வொண்ணாத் தூக்கிப் பார்த்து, கறுப்புல ஒண்ணு எடுத்தான். அகலமான வீல். சஸ்பென்ஷனுக்கு, உயரத்தைத் திருகி ஏத்தி இறக்கற மாதிரி ஸ்பிரிங் செட்டு. வண்டி தரையோட படுத்த மாதிரி நிக்கணும்னு அவனுக்கு ஆசை. சைலன்சருக்குத்தான் ரெண்டு பேருக்கும் சண்டை. "ஊரையே எழுப்பணுமா, இல்ல நீ மட்டும் கேட்டாப் போதுமா?"ன்னாரு அண்ணன். இவன் யோசிச்சு, மெதுவாப் போனா அடித்தொண்டையில முனகும், அழுத்தினா மட்டும் கத்தும்... அப்படி ஒண்ணு எடுத்தான்.

பழசைக் கழட்டும்போது அண்ணன் கை நின்னுடுச்சு.

முன்பக்கம் ரெண்டு ஸ்பிரிங். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். வலது பக்கத்தது சாதாரணக் கம்பி. இடது பக்கத்தது... தடிமனா இருக்கு. பின்னாலயும் அதே கதை. இடது பக்கத்துக்கு மட்டும் கனமான ஸ்பிரிங்.

"முன்னாடி வச்சிருந்தவன் என்னமோ கோளாறு பண்ணியிருக்கான்"னு சொல்லிட்டு, அண்ணன் அதைத் தூக்கி மூலையில போட்டுட்டாரு. புதுசு நாலையும் ஒரே அளவுல மாட்டினாரு. டேப் வச்சு அளந்தாரு. வண்டி நாலு பக்கமும் நேரா, அழகா நின்னுச்சு. தம்பி சுத்திச் சுத்தி வந்து போட்டோ எடுத்தான்.

முதல் நாள் ஓட்டும்போதே அந்தச் சத்தம் வந்துடுச்சு.

திரும்பி வந்து காட்டினான். அண்ணன் அளந்தாரு. நேராத்தான் இருக்கு. "நீ ஒருத்தன் உக்காந்து ஓட்டறே. உன் கனம் வலது பக்கம். உரசினா வலது பக்கம்தானே உரசணும்? இடது பக்கம் எதுக்கு உரசுது?"ன்னு தலையைச் சொறிஞ்சுட்டு, அவரே ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தாரு. வந்தவரு இறங்கி வண்டிகிட்டயே நின்னாரு. கைத்துணியில கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம்தான் சொன்னாரு. "பக்கத்துல ஆள் வச்சு ஓட்டற மாதிரி இருக்குடா."

அன்னைக்கு சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எடை பார்க்கற பலகையை வச்சாரு. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியா எவ்வளவு கனம்னு ஒரு சின்னத் திரையில காட்டும். வண்டி காலியா இருக்கும்போது எல்லாம் சரியா இருந்துச்சு.

"உள்ள உக்காரு."

தம்பி உக்காந்தான். கதவைச் சாத்தினான். வலது பக்கம் நம்பர் ஏறிச்சு. அவன் கனம். சரி.

அண்ணன் திரையையே பார்த்துக்கிட்டு நிக்கறாரு...

கொஞ்ச நேரம் கழிச்சு... இடது பக்கம் ஏறுச்சு. படக்குன்னு இல்ல. மெதுவா. ஒரு ஆள் ஒரு காலை உள்ள வச்சு, குனிஞ்சு, சீட்டுல நகர்ந்து உக்கார்ற மாதிரி. ஏறி ஏறி, அம்பது கிலோ கிட்ட வந்து நின்னுச்சு.

உள்ள இருக்கறவனுக்குத் திரை தெரியாது. ஆனா ஒரு வாசனை வந்துச்சாம். ரொம்ப நாள் பூட்டி வச்ச கைப்பையைத் திறந்தா வருமே... தோலும் முகப்பவுடரும் கலந்து. அந்த வாசனை.

"இறங்கு"ன்னாரு அண்ணன். குரலே மாறிப்போச்சு. "கதவைச் சாத்தாத. அப்படியே இறங்கி என் பக்கம் வா."

இறங்கினான். வலது பக்கம் நம்பர் சட்டுன்னு பழைய இடத்துக்கு வந்துடுச்சு.

இடது பக்கம் வரல.

ரெண்டு பேரும் ஷட்டர்கிட்ட நின்னு அதையே பார்த்தாங்க. பக்கத்து சீட்டு காலி. கண்ணுக்கு எதுவும் இல்ல. ஆனா திரையில அந்தக் கனம் அப்படியே நிக்குது. யாரோ உள்ள உக்காந்து, இவன் ஏன் இறங்கிட்டான்னு பார்க்கற மாதிரி. அப்புறம்... கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு.

தம்பி, வண்டியை வித்தவனுக்கு அங்கேருந்தே போன் போட்டான். அந்தாளு முதல்ல கேட்ட கேள்வியே, "ஸ்பிரிங்கை மாத்திட்டீங்களா?"

"ஆமாங்க."

 அப்புறம் சொன்னானாம். "எனக்கு அது யாருன்னு தெரியாது சார். போக வைக்க முடியல. அதோட கனம் தெரியாமயாவது இருக்கட்டும்னுதான் தடிச்ச ஸ்பிரிங் போட்டேன்." போனை வச்சுட்டான். அதுக்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்ல.

தம்பி அன்னைக்கே முடிவு பண்ணிட்டான். வண்டி வேண்டாம். யாராவது எடுத்துட்டுப் போகட்டும். வீட்டுக்குக் கீழ கொண்டுபோய் நிறுத்தி, மேல உறையைப் போட்டு மூடிட்டான். பஸ்ஸுலதான் வேலைக்குப் போனான்.

இப்ப அந்த ஒண்ணரை மணி ராத்திரிக்கு வர்றேன்.

அக்கா போன் பண்றா. என் ஃப்ரெண்டு. அவ வீட்டுக்காரர் வெளியூர். வீடு அந்தக் காலி மனைக்கெல்லாம் அப்பால, புதுசாக் கட்டின இடம். பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, கண்ணு சொருகுது. கூப்பிட்ட வண்டி ஒண்ணும் வரமாட்டேங்குது. "டேய், கார் வச்சிருக்கியே, வாடா"ன்னு அழறா.

அவன் என்ன பண்ணுவான்? சொல்லு. நீயா இருந்தா என்ன பண்ணுவே?

உறையை இழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டான். அந்த ரோடு. அந்தச் சத்தம். ஸ்ஸ்ஸ்ர்ர்... பக்கத்துல வாசனை. "எங்க அக்கா வீடு வரைக்கும்தான்... எங்க அக்கா வீடு வரைக்கும்தான்"னு யாருக்கோ சொல்ற மாதிரி முனகிக்கிட்டே போனானாம்.

அக்கா வாசல்லயே நிக்கறா. தோள்ல பாப்பா. வண்டி நிக்கறதுக்குள்ள இடது கதவைத் திறந்துட்டா. இவனுக்கு "இரு"ன்னு கத்தணும் போல இருக்கு. என்னன்னு சொல்லுவான்? அங்க ஆள் இருக்குன்னா? அவ படக்குன்னு உள்ள உக்காந்து, பாப்பாவை மடியில போட்டுக்கிட்டு, "போடா"ன்னா.

கிளம்பினான். முதல் பள்ளம் வருது. பல்லைக் கடிச்சுக்கிட்டான். இப்ப அக்கா கனம், பாப்பா கனம், அதுக்கு மேல அது வேற...

சத்தமே இல்ல.

மனுஷங்க ரெண்டு பேர் ஏறியும் இடது பக்கம் உரசவே இல்ல. அடுத்த பள்ளம். இல்ல. அவனுக்குச் சிரிப்பே வந்துடுச்சாம். இறங்கிடுச்சு, இடம் இல்லைன்னு இறங்கிப் போயிடுச்சு...

மூணாவது பள்ளத்துல, ஸ்ஸ்ஸ்ர்ர்.

வலது பக்கம். அவன் காலுக்கு நேர் கீழ.

அப்பத்தான் தொடை மரத்துப் போனது தெரிஞ்சுது. தொடை மேல கனம். ஜில்லுன்னு. நெஞ்சோட ஏதோ சாய்ஞ்சிருக்கு, மூச்சை இழுத்தா பாதிதான் உள்ள போகுது. மூக்குக்குள்ளேயே அந்தப் பவுடர் வாசனை. இடம் இல்லைன்னு போகல அது... அவன் மடியில வந்து உக்காந்துடுச்சு.

கால் ஆக்சிலரேட்டர் மேல இருக்கு. தூக்க முடியல. கனத்துல கால் இறங்கிக்கிட்டே போகுது. முனகிக்கிட்டிருந்த சைலன்சர் கத்த ஆரம்பிச்சுது. "டேய்! காது கிழியுதுடா! குழந்தையை வச்சுக்கிட்டு என்னடா வேகம்?" அக்கா திட்டறா. இவனுக்கு வாய் திறக்குது, சத்தம் வரல. ரெண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே இறுகிப்போச்சு. எதிர்ல சிவப்பு விளக்கு. ரயில்வே கேட். மூடியிருக்கு.

அக்கா அவன் மூஞ்சியைப் பார்த்தா. கண்ணுல தண்ணி வழியுது. அப்பத்தான் அவளுக்கு இது விளையாட்டு இல்லைன்னு புரிஞ்சுது. பாப்பாவை ஒரு கையால நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால நடுவுல இருக்கற ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு இழுத்தா.

வரல. கல்லு மாதிரி இருக்கு. இன்னொரு தடவை இழுத்தா...

வந்துடுச்சு. வண்டி அப்படியே சுழண்டு, டயர் தீய்ஞ்சு, கேட்டுக் கட்டைக்கு ஒரு முழம் தள்ளிக் குறுக்கால நின்னுச்சு. ரயில் தடதடன்னு போகுது. மூணு பேருக்கும் ஒரு கீறல் இல்ல.

கேட்கீப்பர் ஓடிவந்து, பின்னால வந்த ஒரு வேனை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டாரு. விடியறதுக்குள்ள பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. பயப்பட ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

காரை ஸ்பானர் அண்ணன்தான் வண்டி வச்சுத் தூக்கிட்டுப் போனாரு. மறுபடியும் பலகையில ஏத்திப் பார்த்தாரு. அவரே உள்ள உக்காந்து, வேலைக்கு இருக்கறவரைத் திரையைப் பார்க்கச் சொல்லி, ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தாரு. ஒண்ணும் ஏறல. ஊரைச் சுத்தி ஓட்டிக்கிட்டு வந்தாரு. எந்தப் பக்கமும் உரசல. "சனியன் விட்டுதுடா தம்பி! வண்டி ஊசி மாதிரி நேராப் போகுது"ன்னு போன்ல கத்தினாராம். ஆனாலும் இவன் திரும்ப அதுல ஏறல. அண்ணனே வச்சுக்கிட்டாரு. இன்னைக்கும் ஓட்டறாரு. ஒரு தொந்தரவும் இல்ல.

தம்பியும் நல்லா இருக்கான். இப்ப நிஜமாவே பொண்ணு பார்க்கறாங்க.

...இல்ல, எந்திரிக்காத. இன்னும் முடியல.

போன வாரம் ஆபீஸ்ல, சாப்பாட்டு நேரத்துல, நானும் அவளும் மட்டும் இருந்தோம். திடீர்னு சொன்னா. "தம்பிகிட்ட நான் ஒண்ணு சொல்லல."

என்னடின்னேன்.

"அன்னைக்கு ஹேண்ட்பிரேக்கை நான் இழுத்தேன்ல... என் கைக்குக் கீழ இன்னொரு கை இருந்துச்சு. ஜில்லுன்னு. தம்பி கை ரெண்டும் ஸ்டியரிங்ல இருந்தது. அந்தக் கை பிரேக்கைக் கீழ அழுத்திக்கிட்டிருந்துச்சு. நான் இழுத்ததால பிரேக் வரல. அது தானா விட்டுடுச்சு. விட்டுட்டு... நான் அணைச்சிருந்த பாப்பாவோட காலைத் தடவுச்சு."

 "உனக்கு அப்ப இருந்த பதட்டத்துல..."ன்னு ஏதோ சமாதானம் சொன்னேன். அவ இல்லைன்னு தலையை ஆட்டினா. டப்பாவை மூடினா. திறந்தா. மூடினா.

"பாப்பா தனியாத்தான் தூங்கறா. சின்னக் கட்டில். சுவர் ஓரமா படுப்பா. மூணு வயசுக் குழந்தை, எவ்வளவு கனம் இருக்கும்? தினம் ராத்திரி போய்ப் பார்க்கறேன். அவளுக்கு இந்தப் பக்கம், காலியா இருக்கற இடத்துல... மெத்தை அமுங்கி இருக்கு. நான் கையை வச்சு நீவி விட்டா, கொஞ்ச நேரத்துல மேல வந்துடுது. நேத்து நீவி விட்டேன்..."

"வந்துடுச்சா?"ன்னு கேட்டேன்.

"வரல. பாப்பா தூக்கத்துலயே சுவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டா."