ஒவ்வொரு டிகிரியாக

கத்திரி வெயிலில் ஏ.சி. மெக்கானிக்குக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைப்பதில்லை சார். நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பியும் தாமதமானது அதனால்தான்.

ஷீலாவை நான் முதலில் பார்த்ததே ஒரு குளிர் அறையில்தான். வண்டலூர் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆலிவ் கன்றுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ரிப்பேர் பார்க்கப் போன நான், விவரம் தெரியாமல் டிகிரியை ஒரேயடியாக இறக்கிவிட்டேன். எல்லாம் பச்சையாகத்தானே நிற்கிறது என்றேன். அவள் திட்டவில்லை.

“உறைஞ்சு செத்தாலும் உள்ள இருக்கிறவரைக்கும் பச்சையாதாங்க நிக்கும். வெளிய எடுத்து சூடு பட்டாதான் கருகும். கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். குளிர் வருதுன்னு தெரிஞ்சாதான் அதுக்குள்ள தூங்கிட்டிருக்கிற ஜீன் எல்லாம் முழிச்சுக்கும். அப்புறம் எந்தப் பனியையும் தாங்கும்.”

அடுத்த வருஷம் தாம்பரத்தில் எங்கள் கல்யாணம்.

கன்றுகளின் இலையைத் தொடும்போது அவளுக்கு ஒரு முகம் வரும். என்னைப் பார்த்து அது வந்ததே இல்லை. பொறாமைதான் சார், மறைக்க என்ன இருக்கிறது? செடிமேலா என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தக் கன்றுகளை நம்பி ஸ்பெயினுக்கு வேறு அவளைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் சர்வீஸுக்குப் போனபோது மறுபடி ஒரேயடியாக இறக்கினேன். இந்த முறை தெரிந்தேதான். வெளியே எடுத்ததும் கன்றுகள் எல்லாம் கருகின. கரண்ட் போய் வந்ததில் மெஷின் கெட்டிருக்கும் என்றேன், நம்பினாள். ஸ்பெயின் இல்லையென்றானதும் என் தோளில் சாய்ந்து அழுதாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஷீலா என் மனைவி. அவளிடம் அப்படி முரட்டுத்தனமாக நடப்பேனா? முதலில், அவளோடு வேலை பார்த்த அருண்ராஜின் போனை நிறுத்தினேன். அது பழகியதும் சர்ச். பிறகு வேலை. பிறகு செம்பாக்கத்திலிருக்கும் அவள் அம்மா. கடைசியாக, நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள். போகப்போக எதற்குமே அழவில்லை. வேளாவேளைக்குச் சோறு, மடித்துவைத்த துணி. “உன் பொண்டாட்டி இருக்கிற எடமே தெரியலப்பா” என்று பக்கத்து வீட்டு புஷ்பலதா அக்கா மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வாரம் மாமியார் சரசு வாசலில் வந்து நின்று அழுதார். “இன்னா மாப்ள, எம்பொண்ண கண்ணுலயே காட்ட மாட்டீங்களா? ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புறேன்.”

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அனுப்பினேன்.

அங்கே அவளை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் கோதி, நண்டுக் குழம்பு ஊட்டிக் கொஞ்சியிருக்கிறார்கள். இரவெல்லாம் பேசினாளாம், கன்றுகளைப் பற்றி. பொழுது விடிந்ததும் செம்பாக்கம் ஏரியில் இறங்கிவிட்டாள்.

என் வீட்டில் இருந்தவரை அவள் ஒரு நாளும் வாடியதில்லை சார். நீங்கள் விசாரிக்க வேண்டியது அவள் அம்மாவை.