தரையை நான் பார்த்துக்கொண்டேன்

சரக்கு ஏற்றிய கப்பலை இறக்க இடம் பார்க்கும்போது அவசரப்படக் கூடாது சார். காலிக் கப்பல் நினைத்த இடத்தில் நிற்கும். பாரம் ஏறியது, பிரேக் போட்ட பிறகும் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கும். விளையாட்டுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். எனக்கு அங்கிருந்துதான் தொடங்கத் தெரிகிறது.

ஆண்டர்சன்பேட்டையில் சுதர்சன் சார் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் நானும் ரிச்சர்டும் மாலை மாணவர்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு மிஷினில் அந்த விண்வெளி விளையாட்டைப் போட்டுக்கொள்ள விடுவார். கிரகம் கிரகமாகச் சரக்கு கொண்டுபோய் இறக்க வேண்டும். கிடங்கை ஒட்டி இறங்கினால் லாபம் அதிகம். ஆனால் அங்கே தரையின் மேலோடு மட்டும் கெட்டி, உள்ளே புழுதி. தள்ளிப் பாறைமேல் இறங்கினால் பத்திரம், எரிபொருள் போய்விடும். எங்கே இறங்குவது என்பதுதான் விளையாட்டே. மற்றதெல்லாம் விரல் வேலை.

விரல் வேலை ரிச்சர்டுடையது. வேகத்தையும் எரிபொருளையும் காட்டும் எண்களிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியாது. திரையின் கீழ் மூலையில் சின்னதாகத் தெரியும் தரையை நான் பார்ப்பேன். மேஜையில் இரண்டு தட்டு தட்டினால் இறக்கு, ஒரு தட்டு என்றால் நில். அது அவன் கொண்டுவந்த ஏற்பாடு. அவன் அப்பா தங்கச் சுரங்கத்தில் வின்டர் ஓட்டியவர், ஆட்கள் நிற்கும் கேஜ் கூண்டைக் கம்பியில் இறக்கி ஏற்றும் எஞ்சின் அது. குழிக்குள் கேஜ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மணிச்சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"பெல் அடிக்கிறவன சந்தேகப்பட்டா வின்டர் ஓட்ட முடியாதுடா சேகரு. நீ தட்டு, நான் இறக்கறேன்" என்பான்.

எனக்கு என் தட்டிலேயே சந்தேகம். ராத்திரி படுத்த பிறகும் அன்றைக்கு இறங்கிய இடங்கள் சரிதானா என்று யோசிப்பேன். அவனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. ஒருநாள் வேண்டுமென்றே புழுதிக்கு மேலே இரண்டு தட்டு தட்டினேன். கப்பல் முழுகிப்போனது.

"இன்னாடா, தூங்கிட்டியா?" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆரம்பித்தான்.

சுரங்கம் மூடிய வருடம் அது. ஊரில் எல்லோரும் பெங்களூர் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுதர்சன் சாரின் மச்சான் ஆபீஸில் ஒரே ஒரு வேலை இடம் காலியாக இருந்தது. அதை ரிச்சர்டுக்குச் சொல்லிவிட்டார்.

"அவன் கை நல்லா நிக்குது சேகர். நீ ரொம்ப யோசிக்கிறப்பா" என்றார்.

எனக்குக் கோபம் இல்லை. இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு வந்தது கவலை. பெங்களூரில் இவனுக்காக யார் தட்டுவார்கள்? தானாகத் தரையைப் பார்க்கத் தெரியுமா?

வகுப்பின் பழைய சுவரை இடித்த கல்லை பாலகாட் சுரங்கத்துப் பக்கம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டு ஓரத்தில் கொட்டச் சொன்னார் சுதர்சன் சார். ரிச்சர்ட் அவன் மாமாவின் டெம்போவை எடுத்து வந்தான். மழை விட்டு வெயில் அடித்தால் அந்த மேடு வெளுத்து, சிமென்ட் போட்ட மாதிரி இருக்கும். ஓரத்தில், பள்ளத்தை ஒட்டி, அடிமண்ணைத் தண்ணீர் அரித்திருக்கும். நான் முன்னால் நடந்து போய்க் காலால் அழுத்திப் பார்த்தேன். மேலோடு உடைந்தது. தள்ளி வேறு இடத்திலும் அழுத்தினேன், அங்கே கெட்டி. இரண்டு இடத்தையும் மறுபடி சரிபார்த்தேன்.

"எங்கடா?" என்றான்.

"இங்கதான், வா" என்றேன். உடைந்த இடத்தைக் காட்டினேன்.

பின்னால் நின்று டெம்போவின் பக்கப்பலகையில் இரண்டு தட்டினேன். ரிவர்ஸில் வந்தான். இன்னும் இரண்டு தட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். தலையை வெளியே நீட்டியிருந்தால் பள்ளம் தெரிந்திருக்கும். அதற்கு நேரம் கொடுத்தேன். நீட்டவில்லை. மறுபடி இரண்டு தட்டிவிட்டு விலகிக்கொண்டேன்.

மேலோடு உடைந்து டெம்போ பின்பக்கமாகப் பள்ளத்தில் சரிந்தது. கீழே இறங்கிப் போனேன். வண்டி கவிழ்ந்து, கல்லெல்லாம் அவன்மேல் வந்திருந்தது. நினைவு இருந்தது.

"தட்டு மாத்திட்டியாடா?" என்றான்.

"இல்லடா" என்றேன். அது பொய் இல்லை.

ஆள் கூப்பிட நடந்துதான் போனேன். ஓடினால் மூச்சு வாங்கும். இடத்தைச் சரியாகச் சொல்ல வராது. திரும்பி வந்தபோது அவன் பேசவில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம் சார். மச்சான் ஆபீஸில் அந்த இடத்துக்கு இப்போது என்னைப் போகச் சொல்லியிருக்கிறார் சுதர்சன் சார், திங்கட்கிழமை சேர வேண்டும். ரிச்சர்டுக்குக் கிடைத்த இடம் வீணாகப் போனால் அவன் வீட்டில் தாங்க மாட்டார்கள். அதற்குள் இங்கே வேலை முடிந்துவிடுமா?