என் தம்பியின் சீட்டு வேறு காசினோவில் பணமான விவகாரம்

என் பெயர் வெர்னீஸ் லட்லோ. வயது அறுபத்தேழு. காலஞ்சென்ற ஹாரிஸ் லட்லோவின் மனைவி. அரிசோனா மாநிலம் புல்ஹெட் சிட்டியில், ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. காவல் அதிகாரி டூலி கேட்க நானாகவே சொல்கிறேன்.

டெல்பெர்ட் ஸ்ட்ரவுட் என்பவர் என் உடன்பிறந்த தம்பி. லாரி ஓட்டி வந்தவர், முதுகுவலி காரணமாக வேலையை விட்டுவிட்டு என் டிரெய்லருக்கு அடுத்த டிரெய்லரில் குடியிருந்தார். திருமணம் ஆகவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலத்தைக் கடந்து நெவாடா பக்கம் லாஃப்லினில் உள்ள காப்பர் லான்டர்ன் காசினோவுக்குப் போய், குறைந்த காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் உட்காருவார். நான் சூதாடுவதில்லை. இருந்தாலும் அவரைத் தடுத்ததில்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு நாள் மாலை எனக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தபோது தம்பிக்கு வலது கை, வலது கால் விழுந்து, பேச்சும் போயிருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றும், உடனே கொண்டுவந்திருந்தால் கொடுக்கக்கூடிய மருந்து ஒன்று உண்டு, அதற்கான நேரம் தாண்டிவிட்டது என்றும் மருத்துவர் சொன்னார். அதன் பிறகு தம்பி ஐந்து வாரம் உயிரோடு இருந்தார். அந்த நாட்களில் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ பிடித்து இழுப்பதுபோல் காட்டிக்கொண்டே இருந்தார். மூக்கைத் துடைக்கக் கேட்கிறார் என்று நினைத்து, பெட்டியிலிருந்து மெல்லிய தாள் ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பேன். அதைத் தரையில் எறிந்துவிட்டு மறுபடியும் அதேபோல் இழுத்துக் காட்டுவார். நான் மறுபடியும் தாள் கொடுப்பேன். மார்ச் மாதக் கடைசியில் இறந்துபோனார்.

இறுதிச் சடங்கு முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, காப்பர் லான்டர்னில் இயந்திரங்களைக் கவனிக்கும் வேலை செய்யும் நளானி கெகோனா என்ற பெண் வந்தார். ஹவாய்த் தீவைச் சேர்ந்தவர். தட்டு நிறையச் சோறும் பொரித்த இறைச்சியும் கொண்டு வந்திருந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பின்வருமாறு சொன்னார்.

"ஆன்ட்டி, அன்னிக்கு அவர் தலை சாஞ்சு கெடந்ததை நான் பாத்தேன். கிட்ட போனேன். பக்கத்து மிஷின்ல இருந்தவர், 'அவன் என் கூட்டாளிதாம்மா, ரெண்டு பீர் உள்ள போனா இப்படித்தான் தூங்குவான், விடு, நான் பாத்துக்கறேன்'னு சொன்னார். தெனமும் வர்றவர், நம்பிட்டேன்."

அந்த நபரின் பெயர் ராய்ஸ் ஹேவர்கேம்ப் என்றும் சொன்னார். நீண்ட நேரம் கழித்து நளானி அந்தப் பக்கம் திரும்பி வந்தபோது ஹேவர்கேம்ப் இருக்கையில் இல்லை என்றும், அவருடைய வாடிக்கையாளர் அட்டை மட்டும் இயந்திரத்தில் செருகியபடியே இருந்தது என்றும், நளானி தம்பியின் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹேவர்கேம்ப் அந்த அட்டையை எடுக்க வந்து, இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சத்தம் போட்டார் என்றும் சொன்னார். அவர்தான் உதவி செய்தவர் என்று நினைத்து, காசினோ நிர்வாகம் அவருக்கும் அவர் மனைவிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு இலவசக் கூப்பன் கொடுத்திருக்கிறது.

என் தம்பி ஆடியது பீர் குடித்துக்கொண்டு அல்ல. அவருக்குச் சர்க்கரை நோய். பீரைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது.

அதன் பிறகு நான் காப்பர் லான்டர்ன் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். தம்பி ஆடிய இயந்திரத்தில் அன்று நாலாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரவு இருந்ததாகவும், பொத்தானை அழுத்தி அதை, பணத்துக்குப் பதிலாக இயந்திரம் அச்சிட்டுத் தரும் சீட்டாக எடுத்திருப்பதாகவும், சிறிது நேரத்தில் அந்தச் சீட்டு ரிவர் பெல் காசினோவில், பணம் தரும் இயந்திரத்தில் போட்டு மாற்றப்பட்டிருப்பதாகவும் சொன்னார்கள். இந்த இரண்டு காசினோக்களும் ஒரே முதலாளியுடையவை. ஒன்றில் வந்த சீட்டு மற்றதிலும் செல்லும். நடுவில் வேறு ஆட்களின் காசினோக்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் செல்லாது. சீட்டு மாறிய நேரத்தில் என் தம்பி இங்கே நாற்காலியில் சரிந்து கிடந்தாரே என்று கேட்டேன். ரிவர் பெல் கேமராப் பதிவு அழிந்துவிட்டது, யார் மாற்றினார் என்று சொல்ல முடியாது, சீட்டில் யார் பெயரும் இருக்காது, கையில் வைத்திருப்பவருடையதுதான் சீட்டு என்று சொன்னார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். என் தம்பி எதைப் பிடித்து இழுத்துக் காட்டினார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அவருக்கு நினைவு தப்பவில்லை. தன் கண் முன்னாலேயே அது நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் ஐந்து வாரமாக முயன்றிருக்கிறார். நான் அவருக்கு மூக்குத் துடைக்கத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மே மாதத்திலிருந்து நான் காப்பர் லான்டர்னுக்குப் போக ஆரம்பித்தேன். மேற்படி ஹேவர்கேம்ப் உட்காரும் வரிசையிலேயே உட்கார்ந்து, காசைச் சிறிது சிறிதாகப் போட்டு ஆடினேன். அவருக்கு எழுபது வயது இருக்கும். உயரமானவர், சலவைச் சட்டை, கவ்பாய்த் தொப்பி. பெண்களிடம் மரியாதையாகப் பேசுவார். எனக்கு அவர் காபி வாங்கிக் கொடுத்ததுண்டு, நான் குடித்ததும் உண்டு. என் குடும்பப் பெயர் லட்லோ என்பதால் நான் டெல்பெர்ட்டின் அக்கா என்று அவருக்குத் தெரியாது. கோடைக்காலத்தில் ஒரு நாள் அவராகவே, இந்த இடத்தில் ஒருத்தர் உயிருக்குப் போராடியபோது தான்தான் காப்பாற்றியதாகச் சொன்னார். அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருப்பான், வேறென்ன. நான் மட்டும் இல்லேன்னா அன்னிக்கே போயிருப்பான்" என்றார்.

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். பெயரெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். நானும் தொடர்ந்து ஆடினேன். பேருந்து நிறையப் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தபடியே இருபத்தாறு வருடம் ஓட்டியவள் நான். காத்திருப்பது எனக்குச் சிரமம் இல்லை.

அதன் பிறகு தம்பியின் பிக்கப் வண்டியை விற்றேன். பணம் தரும் இயந்திரம் ஓர் அளவுக்கு மேற்பட்ட சீட்டை ஏற்காது என்றும், பெரிய சீட்டென்றால் காசாளர் ஜன்னலுக்குப் போக வேண்டும், அங்கே ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பெயரை எழுதிக்கொள்வார்கள் என்றும் நளானி சொல்லியிருந்தார். அந்த அளவைத் தாண்டும்படி வண்டி விற்ற பணம் முழுவதையும் வைத்துக்கொண்டேன். நளானியிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் வேலை போய்விடும் என்று பயந்தார். இரண்டு நாள் கழித்து அவராகவே போன் செய்து, செய்யலாம் ஆன்ட்டி என்றார். அவரை நான் வற்புறுத்தவில்லை. அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் மாதம் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் நான் போய், தம்பி கடைசியாக உட்கார்ந்த அதே இயந்திரத்தில் உட்கார்ந்தேன். பணம் முழுவதையும் உள்ளே போட்டேன். பக்கத்தில் ஹேவர்கேம்ப் இருந்தார். என் இயந்திரத்தில் இருந்த தொகையைப் பார்த்து, இன்று கை ராசியா என்று கேட்டார். ஆமாம், ஆனால் காலையிலிருந்து தலை சுற்றுகிறது என்றேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டுக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வலது கையைத் தொங்கவிட்டேன்.

அவர் முதலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் பேசவில்லை. அதன் பிறகு தோளை லேசாக அசைத்தார். அதன் பிறகு என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். அவர் விரலில் சிகரெட் வாசனை இருந்தது. மூச்சு வருகிறது என்று தெரிந்ததும் விரலை எடுத்தார். அந்த நேரத்தில் நளானி வரும் காலடிச் சத்தம் கேட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா, அசந்து தூங்குறாங்க. வயசாயிடுச்சுல்ல. எனக்குத் தெரிஞ்சவங்கதான், நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று ஹேவர்கேம்ப் சொன்னார்.

நளானி போய்விட்டார். என் முழங்கைக்கு மேலே அவர் சட்டை உரசியது. பொத்தான் அழுந்தும் சத்தமும் சீட்டு அச்சாகி வரும் சத்தமும் கேட்டன. என் தம்பியும் இதைத்தான் கேட்டிருப்பார்.

அவர் எழுந்து போனபின் கண்ணைத் திறந்தேன். நளானி நேராக மேலதிகாரியிடம் போய்த் தகவல் சொன்னார். ஹேவர்கேம்ப் படகுத்துறையில் இறங்கி, காசினோக்களுக்கு இடையே ஆற்றில் ஓடும் படகில் ஏறுவதைப் பார்த்தேன். நான் ஆற்றோர நடைபாதை வழியாக ரிவர் பெல்லுக்கு நடந்தேன். படகு இரண்டு துறைகளில் நின்று போகும் என்பதால் அவசரப்படவில்லை. நான் உள்ளே போனபோது அவர் பணம் தரும் இயந்திரத்தில் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அது வெளியே தள்ளியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் தள்ளியது. சுற்றும் முற்றும் பார்த்தார். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. காசாளர் ஜன்னலுக்குப் போனார். நான் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். காசாளர் கேட்க, சீட்டு தன்னுடையதுதான், மதியம் காப்பர் லான்டர்னில் ஜெயித்தது என்று சொல்லி ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தார். காசாளர் பெயரை எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் நான் அவர் முதுகைத் தொட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, முகம் வெளுத்து, "நீங்க எழுந்துட்டீங்களா" என்றார்.

"அவன் பேரு கேட்டுக்கலைன்னு சொன்னீங்களே. டெல்பெர்ட் ஸ்ட்ரவுட். நான் அவனுக்கு அக்கா" என்று சொன்னேன்.

அவர் சீட்டை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை, காசாளர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். அதற்குள் பாதுகாவலர்கள் வந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் சத்தம் போட்டதாக அவர் சொல்வது பொய்.

அவர் ஜாமீனில் வந்தபின், சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி கோரீன் ஹேவர்கேம்ப் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கவர் இருந்தது. என் தம்பியின் சீட்டுத் தொகை அதில் இருக்கிறது என்றும், புகாரை வாபஸ் வாங்கும்படியும், இந்த வயதில் அவர் சிறைக்குப் போனால் தாங்கமாட்டார் என்றும் கெஞ்சினார். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது என்பதை நம்புகிறேன். ஆனாலும் ஒன்று கேட்டேன்.

"காசினோ குடுத்த கூப்பன்ல அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அவர் சற்று யோசித்து, "மாட்டு விலா இறைச்சி. கடைசியில செர்ரி பை. அவர் ரெண்டு துண்டு வாங்கிக்கிட்டார்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் நான் ஏன் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் வீட்டுக்குப் போய்த் தன் கணவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டேன். கவரை வாங்கவில்லை. அழுது முடியும் வரை கதவைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

ஹேவர்கேம்பின் வழக்கறிஞர், நான் வேண்டுமென்றே ஆசை காட்டி அவரைத் தவறு செய்ய வைத்ததாகச் சொல்வதாக அதிகாரி டூலி தெரிவித்தார். ஆசை காட்டியது உண்மை. எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு மேல், என் தம்பியின் சாவுக்காக அவர் மேல் கொலைக் குற்றம் எதுவும் சுமத்த முடியாது, சீட்டு எடுத்த குற்றம் மட்டும்தான் நிற்கும் என்றும் அதிகாரி சொன்னார். தெரியும் என்றேன். நீதிமன்றத்தில் அவர் பெயரோடு திருடன் என்ற சொல்லைச் சேர்த்து, அவர் மனைவி கேட்கும்படி ஒருவர் படிக்க வேண்டும், எனக்கு அது போதும் என்றேன்.

அதன் பிறகு அதிகாரி, அன்று அவர் சீட்டைத் தொடாமல், உங்களுக்காக ஆளைக் கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். அப்படி நடந்துவிடுமோ என்றுதான் அங்கே கண்ணை மூடிக் கிடந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவர் என் தோளை அசைத்தபோது கை மென்மையாக இருந்தது. இவர் நல்லவராகிவிடக் கூடாது, எடுத்துவிட வேண்டும், கடவுளே எடுக்க வை என்று வேண்டிக்கொண்டேன். சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்தப் பகுதியைச் சேர்க்காமல் விட்டுவிடலாம், உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்று அதிகாரி சொன்னார். வேண்டாம், எழுதுங்கள் என்றேன்.

நான் சொன்னவற்றை அதிகாரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் கூடவோ குறையவோ இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
வெர்னீஸ் லட்லோ