துண்டு போட்டுப் பிடித்த இடம்

மாலை ஐந்து இருபது. போன ஆண்டு அக்டோபர் மாதம். வடக்கே பால்டிக் கடலோரம், விஸ்மார் துறைமுகத்துக்கு இறங்கும் கருங்கல் சாலை. ஆள் இல்லை, நாய் இல்லை. மூடுபனி மட்டும். அதற்குள் ஒரு பெண் கோட்டுகூட இல்லாமல் ஓடுகிறாள்... ஐந்தரைக்குக் கப்பலின் ஏணிப்படியைத் தூக்கிவிடுவார்கள்.

அவள் வேறு யாருமில்லை, நம் ஹைக்கேயின் நாத்தனார் ரோஸ்விதா. ஹைக்கே இதோ என் பக்கத்தில்தான் இருக்கிறாள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் கிள்ளட்டும். எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். இந்தத் தோட்டச் சங்கக் கூடத்தில் ஹீட்டர் கெட்டு மூன்று வாரமாகிறது. தலைவர் ஊவேக்கு அதைப் பார்க்க நேரமில்லை, பேய்க் கதை கேட்க மட்டும் நேரமிருக்கிறது.

ரோஸ்விதாவுக்குக் கப்பல் பயணம் என்றால் கடல் அல்ல, சாய்வு நாற்காலி. விடியற்காலை ஐந்தரைக்கு மேல்தளத்துக்குப் போய் இரண்டு நாற்காலியில் துண்டு போட்டுவிட்டு, திரும்பி வந்து மறுபடி தூங்குவாள். அங்கே ஏற்கெனவே வேறு யாருடைய துண்டாவது கிடந்தால், இரண்டு விரலால் தூக்கிக் கீழே போடுவாள். "காத்துல விழுந்திருக்கும்" என்பாள். சிரிக்காதீர்கள். மயோர்காத் தீவில் விடுமுறைக்குப் போய் நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு எதுவும் சரியில்லை. மழையில் நாற்காலிகள் வீண். கரையிறங்கவே நாற்பது நிமிடம் வரிசை. பார்க்க வந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சந்தைச் சதுக்கத்தை ஒரு சுற்று வருவதற்குள் கணவர் எக்ஹார்டுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"நான் கப்பலுக்குப் போறேன். சூடா சூப் இருக்கும்."

"முப்பத்தொரு வருஷமா எங்க கூட்டிட்டுப் போனாலும் உனக்கு சூப்புதான். போ."

"நீ நிதானமா வா. உன் இடம் எங்கயும் ஓடிடாது."

அங்கே ஒரு பெரிய செங்கல் தேவாலயம். நாலு மணிக்கு ஆர்கன் கச்சேரி. ரோஸ்விதா மூன்றுக்கே போய்விட்டாள், இடம் பிடிக்க. உள்ளே ஒருவருமில்லை என்பது வேறு விஷயம். முன்னால் தனியாக ஒரு பழைய பெஞ்சு, பக்கப் பலகையில் பாய்மரக் கப்பல் செதுக்கியது. அதில் ஒரு கறுப்புக் கம்பளிச் சால்வை கிடந்தது. தொட்டாள்... சொட்டச் சொட்ட ஈரம். தாரும் கடற்பாசியும் கலந்த வாடை. இரண்டு விரலால் தூக்கிக் கீழே போட்டாள். அந்த இடத்தில் தன் மஞ்சள் மழைக்கோட்டை விரித்தாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து காவலாளி வந்தார். "அதுல யாரும் உக்கார மாட்டாங்கம்மா. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரலைன்னா, பொண்டாட்டிங்க வந்து காத்திருந்த பெஞ்சு அது."

"எழுந்து போனா இடம் போச்சு" என்றாள் ரோஸ்விதா. நம் பிள்ளைகள் நாற்காலிக்குச் சண்டை போடும்போது சொல்வார்களே, அதேதான். சொல்லிவிட்டு மீன் ரொட்டி தின்னக் கிளம்பினாள். பர்ஸ் மட்டும் கையில். கைபேசி, அடையாள அட்டை, கப்பல் அட்டை எல்லாம் கோட்டுப் பையில்.

திரும்பி வந்தபோது, ஆர்கன்காரருக்குக் காய்ச்சல், கச்சேரி இல்லை என்று கதவில் சீட்டு. பெஞ்சில் கோட்டு இல்லை. சால்வையும் இல்லை. பலகையில் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம்...

"என் கோட்டு எங்க?"

காவலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இப்பதான நீங்களே போட்டுக்கிட்டுப் போனீங்க? நான்தான் கதவு திறந்து விட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லல."

தேவாலயம் முழுக்கத் தேடினாள். ஊர்த் தகவல் அலுவலகத்தில், தொலைந்த பொருளுக்கு வேறு அலுவலகம் என்றார்கள். அந்த வேறு அலுவலகம் பூட்டியிருந்தது. அப்புறம்தான் அந்த ஓட்டம்.

ஏணிப்படியில் பாதுகாப்பு அதிகாரி ராமில், பிலிப்பைன்ஸ்காரர். பெயரைக் கேட்டுத் திரையைப் பார்த்தார். "மேடம், அவங்க நாலு பத்துக்கே ஏறிட்டாங்க. அட்டை வச்சா போட்டோ வரும். நானே முகத்தைப் பார்த்துத்தான் விட்டேன்." நிமிர்ந்து இவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "...இதே முகம்தான்."

அறைக்குப் போன் போட்டார். எக்ஹார்ட் எடுத்தார்.

"என் மனைவியா? குளிச்சுக்கிட்டு இருக்கா. ஒரு மணி நேரமா தண்ணி ஓடுது."

ரோஸ்விதா போனைப் பிடுங்கினாள். "எக்ஹார்ட், நான் கீழ நிக்கறேன். உன் முழங்கால் தைலம் நீலப் பையில, சாக்ஸுக்குள்ள இருக்கு. இது வேற யாருக்குத் தெரியும்?"

அந்தப் பக்கம், பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"வந்ததுமே அதை எடுத்து அவதான் தேய்ச்சுவிட்டா" என்றார் எக்ஹார்ட். "கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

போன் வைத்துவிட்டார். இறங்கியவர்கள் எல்லோரும் ஏறியாயிற்று, ஒருவரும் குறையவில்லை. கையில் ஒரு தாள்கூட இல்லாத பெண்ணை எப்படி ஏற்றுவார்கள்? ஏணி மேலே போனது. கப்பல் ஊதியது. அவள் ஈரச் சட்டையோடு கரையில் நின்றாள்.

போலீஸில் போய்ச் சொன்னாள். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டார். "ஆள் காணோம்னா எழுதலாம்மா. நீங்க இங்கயும் இருக்கீங்க, அங்கயும் இருக்கீங்க. நான் என்னன்னு எழுத?"

கடைசியில் ஹைக்கேதான் இந்தக் காசல் நகரத்திலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு, விடியும்போது கீல் துறைமுகத்தில் நின்றாள். பயணம் முடியும் இடம் அது. எக்ஹார்ட் இரண்டு பெட்டியோடு தனியாக இறங்கினார்.

"நீ எப்ப இறங்கின?"

"நான் ஏறவே இல்ல."

"சும்மா இரு. நேத்து ராத்திரி ஒரு வார்த்தை சண்டை போடல நீ. என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கடலையே பாத்துக்கிட்டு இருந்த. 'வந்துட்டியா, வந்துட்டியா'ன்னு மட்டும் கேட்ட." பெட்டிகளைக் கீழே வைத்தார். "உன் தலைதான் விடியிற வரைக்கும் காயல."

பெண் ஒருத்தி இன்னும் இறங்கவில்லை என்று கப்பலை இரண்டு மணி நேரம் சல்லடை போட்டுத் தேடினார்கள். பிறகு அட்டை பார்க்கும் இயந்திரத்தில் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். ரோஸ்விதா பாதிரியாரிடம் சொன்னாள், மருத்துவரிடம் சொன்னாள். பாதிரியார் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். கப்பல் நிறுவனத்துக்கு நாலு புகார்க் கடிதம் எழுதினாள். வருத்தம் தெரிவித்து ஒரு தள்ளுபடிச் சீட்டு வந்தது. அதே கப்பலில், அடுத்த ஆண்டுக்கு.

அந்தச் சீட்டை எக்ஹார்ட் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். இந்த ஆண்டு அந்தத் தேதி நெருங்கியதும் பெட்டி கட்டினார்.

"இங்க ஒருத்தி உயிரோட உக்காந்திருக்கேன்" என்று கத்தினாளாம் ரோஸ்விதா.

"அதான் வான்னு கூப்பிட்டேன், நீ வரலைன்னுட்ட" என்றாராம் இவர். "அங்க காத்திருப்பா."

போன ஞாயிறு அவரைக் கீலில் கொண்டுபோய் விட்டது ஹைக்கேதான். ஹைக்கே, நீயே சொல்லேன்... சொல்ல மாட்டாள். அன்றிலிருந்து இவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. என்னிடம் ஒரு தடவை சொன்னதைச் சொல்கிறேன்.

எக்ஹார்ட் ஏணிப்படியில் பாதிதான் ஏறியிருந்தாராம். ஹைக்கே கரையிலிருந்து அவர் அறையின் பால்கனியைத் தேடினாளாம். அங்கே இரண்டு நாற்காலி. ஒன்று காலி. இன்னொன்றின் மேல் இடம் பிடித்து வைத்த மாதிரி மஞ்சள் கோட்டு.

அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம்... வடக்கே ஒரு வாரமாக மழையே இல்லை.