பதினாலாம் எண் பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சங்கத்தின் தலைவர், பொறியாளர் நாகலிங்கம் அய்யா அவர்களே! ஷார்ஜா ரோலாவிலிருந்தும் துபாயிலிருந்தும் உங்கள் வெள்ளிக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து அஜ்மான் வரை வந்திருக்கும் சகோதரர்களே! குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! மாலை போட்ட படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் முனியசாமி அவர்களே! மறைந்த சோலைமுத்து அண்ணனின் மனைவி பிரபாவதி அக்காவின் கூடப்பிறந்த தம்பி நீங்கள். நாளை இரவு விமானத்தில் அண்ணனின் உடலை ஊருக்குக் கொண்டுபோகப் போகிறவரும் நீங்கள்தான். எல்லாருக்கும் இந்த பாலகுருவின் வணக்கம்.

பொங்கல் விழாவில் மைக் பிடித்தவன்தானே, கடைசியில் நீ பேசு என்று தலைவர் சொல்லிவிட்டார். பிடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. வடை தீர்ந்துபோச்சு, வரிசையைக் கலையுங்கள் என்று கத்துவதற்குப் பிடித்த மைக் அது. எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். வீரர்! பாம்போடு விளையாடிய வீரர்! அஞ்சா நெஞ்சர்! ஆனால் அவரோடு இரண்டு வருடம் அந்த அறைக்குள் நின்றவன் நான் ஒருவன்தான். நான் சொல்கிறேன், கேளுங்கள். சோலைமுத்து அண்ணன் பயந்தவர்! பாம்பைக் கண்டு பயந்தவர்! வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் பயந்தவர்!

யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவரைப் புகழத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளியை நாங்கள் அர்பாப் என்று கூப்பிடுவோம். அஜ்மானிலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே போனால் அவருடைய பேரீச்சந்தோட்டம். சிலர் கழுகு வளர்ப்பார்கள், சிலர் சிறுத்தைக் குட்டி வளர்ப்பார்கள். எங்கள் அர்பாப்புக்கு விஷப்பாம்பு. தோட்டத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத நீண்ட கட்டடம். அதற்குள் கண்ணாடிக் கூண்டுகளில் முப்பத்தெட்டுப் பாம்புகள். தோட்ட வேலைக்கு விசா எடுத்து வந்த அண்ணனைப் பார்த்து, நீ இந்தியாக்காரன்தானே, பாம்பு பிடிக்கத் தெரியும்தானே என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். நான் அந்தக் கூண்டுகளுக்குக் கண்ணாடி மாட்ட வந்தவன். மாட்டி முடித்ததும் என்னையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? ஏசி சத்தம். அதற்குக் கீழே, காது பழகிய பிறகுதான் கேட்கும் இன்னொரு சத்தம். உடம்பு மணலில் உரசுகிற சத்தம். நீங்கள் நடந்தால் முப்பத்தெட்டுத் தலைகளும் உங்களோடு திரும்பும். சோறு சாப்பிடும்போதும் எனக்கு அந்த நினைப்பு வரும், தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

கோடி வீட்டுக் கூண்டு என்று நாங்கள் சொல்லுகிற கடைசிக் கூண்டில் இருந்தது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கறுப்பு மாம்பா. பேர்தான் கறுப்பு. உடம்பு சாம்பல் நிறம், வாயைத் திறந்தால் உள்ளே கறுப்பு. ஆள் உயரத்துக்கு மேலே நீளம். அதன் முன்னால் போகும்போது அண்ணன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார். "சாமி கும்பிடுறீங்களாண்ணே?" என்று ஒருநாள் கேலி செய்தேன். "செருப்பு தடுக்குச்சுன்னா என்ன பண்ணுவ? பயத்துல கழட்டுறேன்டா, பக்தியில இல்ல" என்றார்.

அந்தப் பயத்திலிருந்துதான் அவர் எங்களுக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். கூண்டைக் கழுவும்போது பாம்பை மாற்றி வைக்கிற பெட்டிகள் வரிசையாக எண் போட்டு இருக்கும். மூடி போட்ட பெட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, பாம்பு இருக்கிறது. மறுபக்கம் பச்சை, காலி. பாம்பை வைக்கிறவன்தான் அட்டையைத் திருப்ப வேண்டும். அதோடு விடவில்லை. பச்சையே தொங்கினாலும் பெட்டி எண்ணை உரக்கச் சொல்லி, காலியா என்று கேட்க வேண்டும். மற்றவன் பதில் சொன்ன பிறகுதான் கொக்கியைத் தொட வேண்டும். பதில் வராவிட்டால் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான்!

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. குருட்டு இருட்டு. ஒரு விரியன் அப்போது கூண்டுக்கு வெளியே, பாம்பைத் தூக்குகிற கம்பியின் நுனியில் இருந்தது. கம்பி அண்ணன் கையில். "பாலா, அசையாத. பேசிக்கிட்டே இரு, நீ எங்க நிக்கிறன்னு எனக்குத் தெரியணும்" என்றார். நான் என்னத்தைப் பேச? எங்கள் ஊர் பஸ் நிற்கும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்பது ஊர் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். விளக்கு வந்தபோது பாம்பு கம்பியிலேயே இருந்தது. அண்ணன் சட்டை பிழிந்தால் தண்ணீர் ஓடும், அப்படி நனைந்திருந்தது.

இன்னொரு நாள் அர்பாப்பின் விருந்தாளிகளுக்கு முன்னால், நாகத்தைக் கையில் பிடித்துக் காட்டு, போட்டோ எடுக்கணும் என்றார் மேனேஜர். அண்ணன் எல்லார் முன்னாலும் கைகூப்பி, "டர் லக்தா ஹை அர்பாப்" என்றார். பயமா இருக்கு முதலாளி என்று! சபை சிரித்தது. விசாவை கேன்சல் பண்ணிவிடுவேன் என்று மேனேஜர் கத்தினார். "பண்ணுங்க சார். கையில பிடிக்க மாட்டேன்" என்றார். இந்த ஊரில் கேன்சல் என்ற சொல்லைக் கேட்டு நின்ற இடத்தில் நிற்கிற மனிதர் எத்தனை பேர் இருக்கிறோம்? நான் இல்லை, அன்பர்களே. நான் இல்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்கெல்லாம் சொல்லப்பட்டது என்ன? பதினாலாம் எண் பெட்டியில் சிவப்பு அட்டை தொங்கியது, அதைக் கவனிக்காமல், யாரையும் கேட்காமல், சோலைமுத்து திறந்துவிட்டார், உள்ளே மாம்பா இருந்தது. அரபியில் அப்படித்தான் அறிக்கை எழுதியிருக்கிறது. மேனேஜர் எழுதச் சொன்னார். அடியில் சாட்சிக் கையெழுத்து பாலகுரு. நான்தான்.

ஊரில் என்ன பேசுகிறார்களாம்? தண்ணி போட்டுவிட்டு டூட்டி பார்த்திருப்பான் என்று பேசுகிறார்களாம். பள்ளிக்கூடம் போகிற மகளின் காதிலேயே விழுந்திருக்கிறது. நேற்று முனியசாமி என்னிடம் போனைக் கொடுத்தார். பிரபாவதி அக்கா அழவில்லை. "தம்பி, எரிஞ்சு முடிஞ்ச தீக்குச்சியக்கூட தண்ணியில நனைச்சுப் போடுற மனுசன். அவரு கேக்காம தொறந்தாரா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அய்யா, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அன்று மாம்பாவின் கூண்டைக் கழுவ வேண்டும். வழக்கமான பெட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தது. அதனால் எப்போதும் காலியாகவே கிடக்கும் பதினாலில், அண்ணன் வெளியே போயிருந்த நேரத்தில், நான் மாம்பாவை இறக்கினேன். கொக்கியை மாட்டினேன். அட்டையைத் திருப்பக் கை தூக்கும்போது வாசலில் அர்பாப்பின் குரல். யல்லா, யல்லா, சீக்கிரம் வா என்று! குழந்தைகளோடு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். எனக்குப் பாம்பைவிட அந்தக் குரலுக்குப் பயம். அப்படியே ஓடினேன். அட்டை பச்சையாகவே தொங்கியது.

அரை மணி நேரம் கழித்து, இன்னொரு பாம்பை மாற்றக் காலிப் பெட்டி தேடிய அண்ணனின் குரல், பெட்டிகள் இருக்கும் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டது. "பாலா! பதினாலு! காலியா?"

கேட்டார்! முனியசாமி, உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டார்! பச்சை அட்டையைப் பார்த்த பிறகும் கேட்டார்! நான் ஒரு குழந்தைக்கு வாசல் பக்கத் தொட்டியில் இருக்கும் ஆமையைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகப் பதினாலு என்றால் காலி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "காலிதாண்ணே, தொறங்க."

அவர் கத்தவில்லை. மூடி அடிக்கிற சத்தமும் கொக்கி விழுகிற சத்தமும் மட்டும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கடிபட்ட கையை மேலே வைத்துக்கொண்டு, மற்ற கையால் அட்டையைச் சிவப்புக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளே பாம்பு இருக்கிறது, இன்னொருவன் திறந்துவிடக் கூடாது! அதுதான் அவருக்கு அப்போது பெரிதாக இருந்தது. அவர் திருப்பிய அந்தச் சிவப்பைக் காட்டித்தான், பார்க்காமல் திறந்தார் என்று எழுதினார்கள்.

எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த விஷமுறிவு மருந்து நம் நாட்டுப் பாம்புகளுக்கானது. மாம்பாவுக்கு வேண்டும் என்று அண்ணன் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காரில் என் மடியில் தலை. "கொழந்தைங்கள வெளிய அனுப்பிட்டியா?" என்று கேட்டார். அனுப்பிட்டேன் என்றேன். அதன் பிறகு இமை தூக்க முடியவில்லை, நாக்குப் புரளவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தார். அவர் என்னைத் திட்டட்டும் என்று நான் வாயருகே காதை வைத்தேன், மூச்சுதான் வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

உட்காருங்கள், முனியசாமி. இல்லை, நிற்க வேண்டுமென்றால் நில்லுங்கள். அடிக்க வேண்டுமென்றாலும் வாருங்கள். பேசி முடித்துவிடுகிறேன்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில், அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது மரபு. என்ன பணியை நான் தொடர்வது? மாம்பா இன்னும் பதினாலில்தான் இருக்கிறது. நான்கு நாளாக ஒருவரும் கிட்டப் போகவில்லை. நானும் போகவில்லை. அது இருக்கட்டும். அவர் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்தார் என்று இந்த நாட்டின் தாளில் எழுத வைப்பேன். அந்த அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து பொய் என்று போலீஸ் ஸ்டேஷனில் என் வாயால் சொல்வேன். அவர் பிள்ளையின் காதில் விழுந்த சொல்லை அழிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதுதான் என் உறுதிமொழி.

சொல்லிவிட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது, தலைவர் அவர்களே. என் பாஸ்போர்ட் அர்பாப்பிடம் இருக்கிறது. எனக்கு அரபி தெரியாது. உள்ளே போனால் எப்போது வெளியே விடுவார்கள் என்பதும் தெரியாது. அவரை ஏற்றி அனுப்புவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு இந்த மண்டபத்து வாசலில் நிற்பேன். தனியாக நின்றால் திரும்பி ஓடிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உங்களில் யாராவது ஒருவர், யாராக இருந்தாலும் சரி, என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் வாருங்கள்.